தண்ணீருக்குப் பின்னால் நின்ற சொல்

டெவென்டர் நகரத்து நீச்சல் குளத்தில் செவ்வாய்க்கிழமை காலை பெண்களுக்கு மட்டுமான வகுப்பு. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள்தான் அதில் அதிகம். சோமாலியா, ஈரான், எரித்திரியா என்று பல தேசத்துப் பெண்கள் தலையில் ரப்பர் தொப்பியை மாட்டிக்கொண்டு குளத்தின் விளிம்பில் நடுங்கியபடி வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவள் அலைடா வோர்ம்ஹோர். அப்போது அவளுக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல உயரம், அகலமான தோள், விசில் ஊதாமலே மறுகரை வரை கேட்கிற குரல்.

அன்றைக்கு அவள் கையைத் தட்டி, "ம், எல்லாரும் தண்ணில குதிங்க!" என்றாள்.

விளிம்பில் நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தராக விழுந்தார்கள். மெப்ராத் என்ற எரித்திரியாக்காரி மட்டும் தாமதமாக வந்து, ஆழம் குறைந்த பக்கத்துப் படி வழியாக முன்பே இறங்கியிருந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற அவள், நின்ற இடத்திலேயே தொம் தொம்மென்று குதிக்கத் தொடங்கினாள். முகத்தில் அத்தனை சிரத்தை.

"மெப்ராத், என்ன பண்றே நீ?"

"குதிக்கிறேன் டீச்சர். தண்ணில குதின்னு நீங்கதானே சொன்னீங்க? தண்ணிலதான் இருக்கேன். குதிக்கிறேன்."

குளமே சிரித்தது. அலைடாவும் சிரித்தாள். மெப்ராத் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்து துண்டைப் போர்த்திக்கொண்டு நேராக அலைடாவிடம் வந்தாள். விஷயத்தை விடுகிற ஜாதி இல்லை அவள்.

நாம் 'உள்ளே' என்ற சொல்லைத் தண்ணீருக்குப் பின்னால் வைத்துப் பழகியவர்கள். அந்த ஊர் டச்சுக்காரர்கள் அதை முன்னால் வைப்பார்கள். 'இன் ஹெட் வாட்டர்' என்பார்கள்; 'இன்' என்றால் உள்ளே, 'ஹெட் வாட்டர்' என்றால் தண்ணீர். தண்ணீரில் இருப்பதற்கும் அதுதான், சில சமயம் தண்ணீருக்குள் போவதற்கும் அதுதான். ஆனால் அந்த 'இன்' என்ற சொல்லைத் தூக்கிப் பின்னால் போட்டு 'ஹெட் வாட்டர் இன்' என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. உள்ளே போ என்று மட்டும்தான் அர்த்தம். மலை, பாலம், காடு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பிறந்ததிலிருந்து அந்த மொழி பேசுகிறவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அலைடா இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டினாள்.

"அப்ப வார்த்தை முன்னாடி நின்னா நானும் நிக்கலாம். அது பின்னாடி போனா நானும் போகணும். அப்படித்தானே டீச்சர்?" என்றாள் மெப்ராத்.

அலைடா கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். "அப்படித்தான் போல."

"எப்ப இருந்து அப்படி? முதல்லயே ரெண்டும் இருந்ததா, இல்ல நடுவுல யாராவது மாத்தி வச்சாங்களா?"

"தெரியலையே. கேட்டுச் சொல்றேன்."

கேட்டுச் சொல்வதற்குள் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது.

அலைடா ஒரு பன்றிப் பண்ணைக்காரரின் மகள். ஊருக்குக் கிழக்கே, சதுப்பு நிலத்தை ஒட்டிய பண்ணை. படிப்பு பதினாறு வயதோடு நின்றது. யாரும் நிறுத்தவில்லை, அவளுக்கே பெஞ்சியில் உட்காரப் பொறுமையில்லை. உயிர்காக்கும் பயிற்சி முடித்துக் குளத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கூரைகளுக்கு ஓடு போடுகிற பேரெந்தைக் கல்யாணம் செய்துகொண்டாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு தடவை அழுதுவிட்டுப் பிறகு பேசவில்லை. புத்தகம் என்றால் அவளுக்குப் பிடிக்கும். ஆனால் புத்தகம் படித்துத் தூங்கிப்போகிற அளவுக்குத்தான்.

கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள் அல்லவா, நூலகத்துக்குப் போய் இலக்கண நூல்களைப் புரட்டினாள். இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம் என்று அவற்றில் இருந்தது. எப்போதிலிருந்து என்று அவள் கைக்கு எட்டிய எந்த நூலும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு போன் போட்டாள். எடுத்தவர் யாரோ பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "இதை ரெண்டு நிமிஷத்துல சொல்ல முடியாதும்மா. வகுப்புல வந்து சேருங்க, சொல்றோம்" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். அலைடா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எதுல சேரப்போறே?" என்றான் பேரெந்த். உருளைக்கிழங்கும் பச்சைக் கீரையும் மசித்த இரவுச் சாப்பாட்டின் மேல் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"டச்சு மொழிப் படிப்புல. பகுதிநேரம். முதல்ல ஒரு நுழைவுத் தேர்வு இருக்கு."

"நீ டச்சுதானே பேசுற?"

"பேசுறேன். ஏன் அப்படிப் பேசுறேன்னு தெரியலை."

"எனக்கும்தான் தெரியலை. நான் நல்லாத் தூங்குறேனே."

அவன் கேலி செய்தான், தடுக்கவில்லை. அவள் முதல் தடவை நுழைவுத் தேர்வில் தேறவில்லை. மறு வருஷம் எழுதித் தேறினாள். காலையில் குளம், சனிக்கிழமைகளில் ரயில் ஏறி வகுப்பு. உடம்பில் எப்போதும் குளோரின் நெடி. கூடப் படித்த இருபது வயதுப் பிள்ளைகள் முதலில் அவளை ஆசிரியை என்று நினைத்து எழுந்து வழிவிட்டார்கள். பட்டம் வாங்க எட்டு வருஷம் பிடித்தது. அதற்குள் மெப்ராத் நீச்சலில் மூன்று சான்றிதழும் வாங்கி, நகரப் பேருந்து ஓட்டுநராகவும் ஆகிவிட்டாள். அலைடா ஏறினால் ஒலிபெருக்கியில், "பயணிகள் கவனிக்கவும், என் கேள்விக்குப் பதில் தெரியாத டீச்சர் ஏறுறாங்க" என்பாள். பேருந்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. அலைடாவுக்குக் காது சிவந்துபோகும்.

பட்டத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பட்டம் படித்து முடித்தபோது, அந்தக் கேள்வியில் பெரிய பெரிய பண்டிதர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரிய வந்தது. ஒரு கட்சி சொன்னது இது: பழைய மொழியில் பெயர்ச்சொல்லுக்கு வால் இருந்தது, நம் வேற்றுமை உருபு மாதிரி. தண்ணீரில் இருந்தால் ஒரு வால், தண்ணீருக்குள் போனால் வேறு வால். காலம் போகப் போக வால் தேய்ந்து விழுந்தது. இருப்பதையும் போவதையும் பிரித்துக் காட்ட வேறு வழி இல்லாமல் ஜனங்கள் சொல்லைப் பின்னால் நகர்த்தினார்கள். இன்னொரு கட்சி சொன்னது வேறு: யாரும் எதையும் நகர்த்தவில்லை. அந்தச் சொல் ஆரம்பத்தில் வினையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, 'உள்ளே-குதி' என்பது போல. வினைக்குப் பக்கத்தில் இருந்ததால் பெயருக்குப் பின்னால் நிற்பதுபோல் தோன்றி, நாளடைவில் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

அலைடா வால் கட்சி. பண்ணையில் அவள் அப்பா பேசிய கிழக்கத்திப் பேச்சு அவள் காதில் இருந்தது. மாற்றம் கிழக்கே, தன் ஆற்றங்கரை ஊர்களில்தான் முதலில் தொடங்கியிருக்கும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

பேராசிரியர் க்ராம்விங்கெல் அவளுக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டார். குள்ளமான அம்மாள், அதிகம் பேசமாட்டார். முதல் சந்திப்பிலேயே, "வெளியில இருந்து பண்ணுற முனைவர் பட்டத்துக்குச் சம்பளம் கிடையாது, தெரியுமில்ல? பாதிப் பேரு நடுவுல விட்டுட்டுப் போயிடுவாங்க" என்றார்.

"மீதிப் பாதி?" என்றாள் அலைடா.

க்ராம்விங்கெல் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரி, உட்காருங்க" என்றார்.

வியாழக்கிழமை குளத்தில் அவளுக்கு விடுமுறை. அந்த நாளை முழுக்க டெவென்டர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தாள். அங்கே அவளுக்கு ஒரு புதையல் கிடைத்ததாக நினைத்தாள். ஆயிரத்து நானூற்று எண்பதுகளில் ஐசெல் ஆற்றுச் சுங்கம் பற்றி டெவென்டருக்கும், ஆறு கடலைச் சேருகிற பக்கத்து ஊரான காம்பனுக்கும் ஒரு பெரிய வழக்கு. படகுக்காரர்கள், சுமைக்காரர்கள், மீன்காரிகள் எல்லாரும் சாட்சி சொல்லியிருந்தார்கள். யார் பாலத்தின் மேல் ஏறினார்கள், யார் யாரைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள், பிணம் எங்கே கிடந்தது என்று வரிக்கு வரி இடமும் திசையும்தான். அந்தச் சாட்சிகளில் சொல் பின்னால் நின்றது. அத்தனை பழைய காலத்திலேயே! வேறு எவரும் நினைத்ததைவிட இருநூறு, முந்நூறு வருஷம் முன்னால்!

ஒரு கையெழுத்துத் தாளை அவள் நேரில் புரட்டியது ஒரே ஒரு தடவை. மற்றபடி எப்போதோ யாரோ தட்டச்சு செய்து வைத்த பிரதியிலிருந்தே வேலை செய்தாள். கையெழுத்தைப் படிப்பது சிரமம், தட்டச்சு சுலபம். அதை வைத்து ஆறு வருஷம் எழுதினாள். அவளுடைய ஆய்வு நூலின் முதுகெலும்பே அந்தச் சாட்சிகள்தான்.

வோல்டர் அந்தக் காப்பகத்துக்குப் புதிதாக வந்தவர். தாடி வைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். நூலில் சேர்க்க ஒரு பக்கத்தைப் படமெடுத்துத் தரும்படி அலைடா கேட்டிருந்தாள். படத்தைக் கொடுப்பதற்குப் பதில் அவர் அந்த ஏட்டையே எடுத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"இது எந்தக் காலத்து ஏடுன்னு எழுதியிருக்கீங்க?"

"ஆயிரத்து நானூத்தி எண்பதுகள்."

"வழக்கு அந்தக் காலத்துதான்." அவர் ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தாளுக்குள்ளே வெள்ளையாக ஒரு முத்திரை தெரிந்தது. "காகிதம் அந்தக் காலத்துது இல்ல. இந்த முத்திரை போட்ட காகிதம் ஆயிரத்து எழுநூத்தி நாப்பதுல வந்தது. பழைய ஏடு தண்ணில நனைஞ்சு கெட்டுப்போயிருக்கும், எவனோ ஒரு எழுத்தர் உட்கார்ந்து புதுசா எழுதியிருக்கான். எழுதும்போது தன் காலத்துப் பேச்சுக்கு மாத்தி எழுதியிருக்கான்."

அலைடா அந்தத் தாளையே பார்த்தாள். "அப்ப இந்த வார்த்தை பின்னாடி நிக்கிறது…"

"அவன் வேலை. படகுக்காரன் வேலை இல்ல."

"என் ஆறு வருஷம்?"

"வீண்னு சொல்லலை. காலம் தப்புன்னு சொல்றேன்." வோல்டர் குரலைத் தாழ்த்தினார். "மன்னிச்சுக்கங்க. சொல்லாம இருக்க முடியலை."

"நீங்க ஏன் மன்னிப்பு கேட்கிறீங்க? ஒரு தடவை ஜன்னல்ல பிடிச்சுப் பார்க்காதது நானு."

கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் நேரே குளத்துக்குப் போனாள். அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை. உடுப்பை மாற்றிக்கொண்டு நீந்தத் தொடங்கினாள். ஒரு கரையிலிருந்து மறு கரை, அங்கிருந்து இந்தக் கரை. கை வலித்து ஏறியபோது கண் சிவந்திருந்தது. குளோரின் தண்ணீரில் யாருக்கும் கண் சிவக்கும், அதனால் வசதியாகப் போயிற்று.

பேரெந்த் விஷயம் முழுவதையும் கேட்டான். பிறகு சொன்னான். "போதும், விடு அலைடா. பட்டம் வாங்கிட்டே. யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டாங்க. வாரத்துக்கு ஒரு நாளாவது நாம சைக்கிள் எடுத்துக்கிட்டு எங்கேயாவது போகலாம். எனக்கு முட்டி போறதுக்குள்ள."

அவன் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

"கூரையில பாதி ஓடு போட்டப்புறம் அடிச்சட்டம் கோணல்னு தெரிஞ்சா என்ன பண்ணுவே?" என்று கேட்டாள்.

"பிரிச்சிடுவேன்."

"பிரிச்சிட்டு? வீட்டுக்காரன்கிட்ட மழையில நனைன்னு சொல்லிட்டு வந்துடுவியா?"

பேரெந்த் கையை விரித்தான். "உன்கிட்ட வாய் கொடுத்தேன் பாரு" என்று எழுந்து போய்க் காப்பி போட்டான். இரண்டு கோப்பை கொண்டுவந்தான். அவளுக்கு அது போதும்.

க்ராம்விங்கெல் பழியைப் பங்கு போட்டுக்கொண்டார். "காகிதத்தைப் பார்த்தீங்களான்னு நான் கேட்டிருக்கணும். பாதித் தப்பு என்னோடது" என்றார். பிறகு காரியத்துக்கு வந்தார். "ஒரு வழி இருக்கு. பழைய காலத்தை விட்டுடுங்க. சந்தேகமில்லாத அச்சுப் புத்தகங்களை மட்டும் வச்சு எழுதுங்க. ஒரு வருஷத்துல முடிஞ்சிடும். சின்ன நூலா இருக்கும், ஆனா நிக்கும்."

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் அலைடா. வழியெல்லாம் ரயிலில் அவள் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். "அந்த எழுத்தன் எதையோ பார்த்துத்தானே எழுதினான்?"

"அது நனைஞ்சு போச்சே."

"இந்த ஊர்ல இருந்தது நனைஞ்சு போச்சு. வழக்குன்னா ரெண்டு பக்கம் உண்டே. காம்பன்காரங்களுக்கும் அதே சாட்சியை அந்தக் காலத்துலயே எழுதிக் கொடுத்திருப்பாங்கல்ல?"

க்ராம்விங்கெல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இருந்தா அதிர்ஷ்டம். இல்லன்னா இன்னும் ஒரு வருஷம் போயிடும்."

"போகட்டும்."

அதற்கப்புறம் வியாழக்கிழமைகளில் காம்பன் ரயில். முதல் நான்கு மாதம் கிடைத்ததெல்லாம் உப்பு மீன் கணக்கும் கால்வாய் தூர்வாரிய கணக்கும்தான். ஐந்தாம் மாதத்தில் சுங்க வழக்கின் ஏடு கிடைத்தது. முழுசாக இல்லை. மூன்றில் ஒரு பங்கு இருக்கும், ஓரமெல்லாம் எலி கடித்தது. காகிதத்தை அவள் முதல் வேலையாக ஜன்னலுக்கு எடுத்துப் போனாள். கூட இருந்த பெண் பதறிப்போய், "அம்மா, தயவுசெஞ்சு மெதுவா!" என்று ஓடி வந்தாள். முத்திரை சரியாக இருந்தது. வோல்டருக்கு அங்கிருந்தே போன் செய்து அதை விவரித்தாள். "அதேதான், அந்தக் காலத்துதான்" என்றார் அவர்.

ஆனால் எழுத்து அவளுக்குப் படிக்க வரவில்லை. தட்டச்சுப் பிரதியையே நம்பியிருந்ததில், பட்டப் படிப்பில் கற்றதை மறந்திருந்தாள். வோல்டரிடமே மாணவியாகச் சேர்ந்தாள். எஸ்ஸும் எஃப்ஃபும் ஒன்றுபோல இருக்கும் எழுத்தை மறுபடி எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவர் சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தார். தப்பாகப் படித்தால் மட்டும் ஒரு தடவை இருமுவார்.

லுப்பெர்ட் என்ற படகுக்காரனின் சாட்சிதான் அவள் முதலில் முழுசாகப் படித்தது. சுங்கக்காரன் தன்னை ஆற்றுக்குள் தள்ளிவிட்டான் என்கிறான். பழைய ஏட்டில் 'இன் தத் வாட்டர்' என்று இருந்தது; 'ஹெட்' என்பதன் பழைய வடிவம்தான் 'தத்'. சொல் முன்னால். எழுத்தனின் புதிய ஏட்டைப் பக்கத்தில் வைத்தாள். அதே வாக்கியம், 'ஹெட் வாட்டர் இன்'. சொல் பின்னால். இரண்டு வரி தள்ளி, இறந்துபோன இன்னொரு ஆள் தண்ணீரில் கிடந்ததாக லுப்பெர்ட் சொல்கிறான். பழையதில் சொல் முன்னால். புதியதிலும் முன்னால்தான். எழுத்தன் அதைத் தொடவே இல்லை.

அலைடா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். படிக்கிற அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கெட்டுப்போனது என்று அவள் தூக்கி எறிய இருந்த பிரதிதான் இப்போது சாட்சி. நடுவில் ஓடிய இருநூற்றைம்பது வருஷத்தில் மொழி எந்த இடத்தில் பெயர்ந்தது என்பதை ஒரு மனிதன், தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், வரி வரியாகக் காட்டிக்கொண்டிருந்தான். போவதாக இருந்தால் பெயர்த்தான். இருப்பதாக இருந்தால் விட்டுவிட்டான்.

சந்தோஷம் மதியம் வரைதான். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து படித்த அடுத்த சாட்சியில் எழுத்தன் பெயர்க்க வேண்டியதைப் பெயர்க்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. பிறகு மறுபடி பெயர்த்தான். பாலத்தின் மேலே, அணையின் மேலே ஏறுவதென்றால் பெரும்பாலும் பெயர்த்தான். உள்ளே போவதென்றால் பாதி நேரம் பெயர்த்தான், பாதி நேரம் சும்மா இருந்தான். "இவனுக்கு என்ன வந்துச்சு?" என்று மாலையில் பேரெந்திடம் புலம்பினாள். எழுத்தன் அந்த வீட்டில் மூன்றாவது ஆளாகிவிட்டான். "உன் எழுத்தன் இன்னைக்கு ஒழுங்கா இருந்தானா?" என்றுதான் பேரெந்த் கதவைத் திறப்பான்.

கிழக்கில்தான் முதலில் தொடங்கியது என்ற, இனி ஆதாரமில்லாத தன் பிடிவாதத்தை அலைடா நூலிலிருந்து வெட்டி எடுத்தாள். எழுதிவைத்ததில் பாதிக்கு மேல் அதோடு போயிற்று. ஒரு எழுத்தனை மட்டும் நம்பக்கூடாது என்று, வேறு ஊர்களில் இப்படிப் பழையதைப் பார்த்து எழுதியவர்கள் இருக்கிறார்களா என்று தேடினாள். இரண்டு பேர் கிடைத்தார்கள். அதில் மேலும் மூன்று வருஷம் போனது.

அவள் நூலை விளக்கிப் பேசுகிற நாள் வந்தபோது ஐம்பத்தேழு வயது. அங்கே அது ஒரு சடங்கு. பேராசிரியர்கள் கறுப்பு அங்கியும் தட்டையான தொப்பியுமாக வந்து உட்காருவார்கள். பட்டத்துக்கு நிற்பவர் இருபுறமும் துணைக்கு ஒருத்தரை நிறுத்திக்கொள்ளலாம். அலைடாவுக்கு ஒரு பக்கம் வோல்டர். மறு பக்கம் மெப்ராத், பேருந்து நிறுவனத்தில் விடுப்பு எடுத்து, வெள்ளைப் பருத்தி உடையில், தோளில் கரை போட்ட மெல்லிய துப்பட்டாவோடு.

"டீச்சர், மூச்சு விடுங்க" என்று கிசுகிசுத்தாள் மெப்ராத். "எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்கள்ல, மூக்கால இழுத்து வாயால விடணும்."

கேள்வி கேட்பவர்களில் கடைசி ஆள் கென்ட் நகரத்திலிருந்து வந்த பேராசிரியர் வெர்ஹெல்ஸ்ட். வினைக் கட்சியின் பெரிய தலை. நரைத்த புருவம், தூங்குகிறாரோ என்று நினைக்க வைக்கிற கண்.

"மதிப்புக்குரிய அம்மையாரே, உங்க எழுத்தர் மேலே ஏறும்போது சொல்லைப் பெயர்க்கிறார். உள்ளே போகும்போது பாதிதான் பெயர்க்கிறார். வால் தேய்ஞ்சதுதான் காரணம்னா ரெண்டுக்கும் ஒரே மாதிரி தானே தேய்ஞ்சிருக்கும்? ஏன் இந்த வித்தியாசம்?"

பதில் சொல்வதற்கு முன்னால் கேட்டவரை முறைப்படி விளிக்க வேண்டும். "மிகக் கற்றறிந்த எதிர்வாதி அவர்களே" என்று அலைடா தொடங்கினாள். கூட்டத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தயாரித்து வைத்திருந்த ஒரு பதில் அவளிடம் இருந்தது. சுற்றி வளைத்து, கேட்பதற்கு நன்றாக இருக்கும் பதில். அதை அவளே நம்பவில்லை.

"எனக்குத் தெரியலை" என்றாள். "தேடிப் பார்த்தேன். கிடைக்கலை. நூல்ல அந்த இடத்துல கொஞ்சம் மழுப்பி எழுதியிருக்கேன், அதையும் நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. இன்னும் தேடுவேன்."

வெர்ஹெல்ஸ்டின் கண் முழுசாகத் திறந்தது. அவர் அடுத்ததைக் கேட்க வாயெடுப்பதற்குள் அங்கி போட்ட ஊழியர் கோலோடு உள்ளே வந்து தரையில் ஓங்கித் தட்டி, நேரம் முடிந்தது என்று லத்தீனில் முழங்கினார். மெப்ராத் திடுக்கிட்டு அலைடாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பட்டம் கிடைத்தது. க்ராம்விங்கெல் வாழ்த்துரையில் இரண்டே வாக்கியம் சொன்னார். பேரெந்த் கழுத்துப்பட்டியை அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் பீர் கோப்பையை நீட்டினான். வெர்ஹெல்ஸ்ட் வறுத்த கறி உருண்டை ஒன்றைக் கடுகுச் சாந்தில் தொட்டுக்கொண்டே அலைடாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னும் தேடுவேன்னு சொன்னீங்களே, சடங்குக்குச் சொன்னதா, நிஜமாவா?"

"நீச்சல்காரி சார் நான். மறுகரையைத் தொடாம திரும்பமாட்டேன்."

"கென்ட்ல ஒரு ஏட்டுக் கட்டு இருக்கு. இதே மாதிரி, பழையதும் புதுசும். வாங்க, காட்டுறேன். நீங்க தோத்துப்போவீங்கன்னுதான் நினைக்கிறேன்."

"பார்க்கலாம்" என்றாள் அலைடா.

திங்கட்கிழமை வழக்கம்போலக் குளத்துக்கு வேலைக்குப் போனாள். கோடை விடுமுறையில் பேரெந்தோடு கென்ட் போனாள். அவன் சைக்கிளில் கால்வாய் ஓரமாகச் சுற்றினான், அவள் படிக்கிற அறையில் உட்கார்ந்தாள். மறு கோடையிலும் போனாள். கென்ட் ஏட்டில் உள்ளே போவதைச் சொல்லும் சொல், வினை ஒட்டினாற்போல் வருகிற இடத்தில் மட்டும் பின்னால் போயிருந்தது. நடுவில் வேறு சொல் வந்தால் அசையாமல் முன்னாலேயே நின்றது. டெவென்டர் எழுத்தனை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அவனும் அதையேதான் செய்திருந்தான். அந்த ஒரு சொல்லைப் பொறுத்தவரை வெர்ஹெல்ஸ்ட் சொன்னதுதான் சரி.

அவள் ஒரு சின்னக் கட்டுரை எழுதினாள். அதன் முதல் வரி, தன் நூலின் நான்காம் பகுதியில் தான் சொன்னது தவறு என்பது. அதற்கப்புறம்தான் காரணங்கள். ஒரு சஞ்சிகை அதை வெளியிட்டது. பேரெந்த் அதை வாங்கி எழுத்துக் கூட்டி முதல் பக்கத்தைப் படித்தான்.

"நீ தோத்துட்டேன்னு நீயே எழுதியிருக்கே?"

"பாதிதான் தோத்தேன். மேலே ஏறுறதுல நான்தான் ஜெயிச்சிருக்கேன். கடைசிப் பக்கம் பாரு."

அவன் கடைசிப் பக்கத்தையும் பார்த்தான். சஞ்சிகையை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டுச் சாவியை எடுத்தான். "இதுக்கும் கேக் வாங்கணுமா?"

"வாங்கணும்" என்றாள் அலைடா. "பெருசா வாங்கு. வோல்டரையும் மெப்ராத்தையும் கூப்பிடுறேன். அவளுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கு."

அவன் ஒரு பெரிய ஆப்பிள் கேக்கை வாங்கிவந்தான்.